இரண்டு சுவர் தாண்டி

புதுச்சேரியில் கடலுக்கும் பெரிய வாய்க்காலுக்கும் நடுவே நிற்கும் பழைய பிரெஞ்சு வீடுகளின் சுவரை அளந்து பார்த்தால் ஒன்றரை அடி இருக்கும். சில இடங்களில் இரண்டு அடியும் வரும். எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். மேலே தேக்கு விட்டங்கள். அவற்றின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. பாரம் தாங்கவும் வெயிலை வெளியே நிறுத்தவும் எழுப்பிய சுவர்கள் அவை. இன்று அவற்றிடம் கட்டியவர்கள் நினைத்தே பார்த்திராத ஒரு வேலையைக் கேட்கிறோம். முன்னறையில் இருக்கும் ரூட்டரிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை, பின்னறையில் படுத்திருப்பவரின் கைப்பேசி வரை போய்ச் சேர அவை வழிவிட வேண்டும்.

லாஸ்பேட்டையிலும் ரெட்டியார்பாளையத்திலும் அடுக்ககத்தில் வாழ்பவர்களுக்கு இரண்டடிச் சுவர் இல்லை. ஆனாலும் குறை அதேதான்: “ஹால்ல பறக்குது, பெட்ரூம்ல சுத்திக்கிட்டே இருக்கு.” உடனே வீட்டில் ஒருவர் இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்வார். 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 200 ஆக்கிக்கொள்ளச் சொல்வார்கள். பணம் கூடும், படுக்கையறையில் வட்டம் சுற்றுவது நிற்காது. கண்ணாடி இழை வழியாக வீட்டு வாசல் வரை வரும் வேகம் ஒன்று. வாசலிலிருந்து கட்டில் வரை காற்றிலும் சுவரிலும் நடக்கும் பயணம் வேறொன்று. இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது பயணத்தைப் பற்றியது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ரேடியோப் பொறியாளர்கள் இழப்பை டெசிபெல்லில் சொல்வார்கள். 3 டெசிபெல் இழந்தால் அலையின் திறன் பாதியாகிறது. 10 இழந்தால் பத்தில் ஒன்று, 20 இழந்தால் நூறில் ஒன்று, 40 இழந்தால் பத்தாயிரத்தில் ஒன்று. டெசிபெல்லைக் கூட்டினால் போதும், பெருக்க வேண்டியதில்லை. அதுதான் அதன் வசதி.

வீட்டு ரூட்டர் ஒன்று ஏறத்தாழ 100 மில்லிவாட் திறனில் பேசுகிறது. ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு அதை 20 டிபிஎம் என்று குறிப்பார்கள். வீடியோ அழைப்பு தடையில்லாமல் நடக்க, கைப்பேசிக்கு வந்து சேரும் திறன் மைனஸ் 67 டிபிஎம் அளவுக்காவது இருந்தால் நல்லது. அது ஒரு வாட்டில் 500 கோடியில் ஒரு பங்கு! இவ்வளவு நுணுக்கமான துளியைப் பிடித்து அதிலிருந்து திரைப்படத்தை விரித்துக் காட்டும் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைகிறோம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 20க்கும் மைனஸ் 67க்கும் இடையே 87 டெசிபெல். வழியில் இழக்க நம் கையில் இருப்பது அவ்வளவுதான்.

சுவரே இல்லாத திறந்த வெளியிலும் அலை பரவிப் பரவி மெலிகிறது. வைஃபை பயன்படுத்தும் இரண்டு பட்டைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் 8 மீட்டர் தூரத்துக்கு 58 டெசிபெல் போய்விடும். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் நடுவில், சுமார் 5.5இல், அதே தூரத்துக்கு 65. ஆகவே சுவர்களுக்கென்று மிஞ்சுவது முதலாவதில் 29, இரண்டாவதில் 22.

இனி சுவர். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் செங்கல், கான்கிரீட், மரம், கண்ணாடி போன்ற கட்டுமானப் பொருள்களின் மின்பண்புகளைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. அந்த எண்களைக் கொண்டு போட்டுப் பார்த்தால், அறைகளைப் பிரிக்கும் நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஏறத்தாழ 4 டெசிபெல்லை உறிஞ்சுகிறது. ஒன்பது அங்குலச் சுவர் 7 அல்லது 8. பழைய வீட்டின் இரண்டடிச் சுவர் 20ஐத் தொடுகிறது. அதாவது அந்த ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் அலை நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. அப்படி இரண்டு சுவர் குறுக்கே வந்தால் 40. நம்மிடம் மிஞ்சியிருந்ததோ 22 அல்லது 29. பின்னறையில் படம் ஏன் ஓடவில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இவை காய்ந்த சுவருக்கான எண்கள். புதுச்சேரிச் சுவர் எப்போதும் காய்ந்திருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுண்ணாம்புச் சுவர் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. கடல்காற்று உப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது; அடிச்சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து விழுவதை இந்த ஊரில் பார்க்காதவர் இல்லை. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். சுவர் எவ்வளவு கடத்துகிறதோ அவ்வளவுக்கு ரேடியோ அலையை உறிஞ்சும். எனவே ஈரச்சுவர் காய்ந்த சுவரைவிட அதிகமாகத் தடுக்கிறது. மழைக்காலத்தில் வைஃபை மந்தமாகிறது என்று கடற்கரைப் பக்கம் வாழ்பவர் யாராவது சொன்னால் அதைப் பிரமை என்று தள்ளிவிடக் கூடாது. அதற்கு இயற்பியல் காரணம் உண்டு.

கான்கிரீட்டின் கதை வேறு. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி 1930களின் பிற்பகுதியில் அந்தோனின் ரேமண்டின் வடிவமைப்பில் எழத் தொடங்கியபோது, இரும்புக்கம்பி வைத்த கான்கிரீட் இந்தியாவில் இவ்வளவு பரவியிருக்கவில்லை. இன்று ஊர் முழுக்க அதுதான். ஆறு அங்குலக் கான்கிரீட் 2.4 கிகாஹெர்ட்ஸில் 7 டெசிபெல் வாங்குகிறது, 5.5இல் அதுவே 14 ஆகிறது. அலைவரிசை கூடக்கூடக் கான்கிரீட் கடுமையாகிறது. சென்னை போன்ற பெருநகரங்களில் அலுமினிய அச்சு வைத்து வீட்டின் எல்லாச் சுவர்களையும் கான்கிரீட்டிலேயே வார்க்கும் அடுக்ககங்கள் பெருகிவிட்டன. அங்கே குடிபோனவர்கள் பழைய வீட்டில் நன்றாக ஓடிய ரூட்டர் புதிய வீட்டில் திணறுவதைக் கண்டு கருவி கெட்டுவிட்டது என்று எண்ணுகிறார்கள். கருவியில் கோளாறு இல்லை, மாறியது சுவர்தான்.

அடுக்ககத்தில் இன்னொரு தடை, இரண்டு அறைகளுக்கு நடுவே அமைந்த குளியலறை. இரண்டு சுவர், அவற்றின் மேல் ஓடு, உள்ளே குழாய்கள், கண்ணாடி, கெய்சர். கண்ணாடியின் பின்புறப் பூச்சு உலோகம். அது அலையைத் திருப்பி அனுப்பிவிடும். இரும்பு பீரோவும் பிரிட்ஜும் அப்படியே. தண்ணீர் நிறைந்த மீன்தொட்டி அலையை உறிஞ்சும். ரூட்டரைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுச் சிக்னல் இல்லை என்று வருந்தும் வீடுகள் ஏராளம்.

2.4, 5 என்ற இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று கேட்கலாம். வானொலி அலையைப் பயன்படுத்த அரசின் உரிமம் வேண்டும் என்பது பொது விதி. சில பட்டைகளுக்கு மட்டும் விலக்கு. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 2005 ஜனவரியில் அந்த விலக்கு வந்தது, அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 605 மெகாஹெர்ட்ஸ் திறந்துவிடப்பட்டது. ஏழு மடங்குக்கும் மேல் இடம். முதலாவது ஒடுங்கிய தெரு. ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் பக்கத்து வீட்டு ரூட்டர்களும் அதில்தான் நெரிகின்றன. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் என்று அதில் 1, 6, 11 ஆகிய மூன்றைத்தான் சொல்ல முடியும். பத்து வீடு உள்ள அடுக்ககத்தில் மூன்று சேனல் எப்படிப் போதும்? 5இல் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். ஆனால் சுவர் தாண்டும் வலு குறைவு. 6 கிகாஹெர்ட்ஸில் 500 மெகாஹெர்ட்ஸைத் திறக்கும் வரைவு விதிகளை 2025 மே மாதம் அரசு வெளியிட்டது. அது இன்னும் வேகமானது; சுவரிடம் இன்னும் எளிதில் தோற்பது. வருங்கால வைஃபை ஓர் அறைக்குள் அடங்குவதாக இருக்கும் என்பது என் கணிப்பு.

சுவர் உறிஞ்சுவது பாதிக் கதை. மீதிப் பாதி எதிரொலி.

1895இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் தன் கருவியிலிருந்து அனுப்பிய அலை, குறுக்கே நின்ற சுவர்களைக் கடந்து தூரத்தில் மணியடித்து வெடிமருந்தைப் பற்றவைத்தது. ரேடியோ அலை சுவரைத் தாண்டும் என்பதை நம் நாட்டில் ஊரறியக் காட்டிய நிகழ்ச்சி அது. ஆனால் எல்லாம் தாண்டிப் போவதில்லை. ஒரு பங்கு பட்டுத் திரும்புகிறது. சாய்ந்து விழும் அலையில் திரும்பும் பங்கு கூடுகிறது. ஓர் அறைக்குள் கைப்பேசிக்கு வந்து சேர்வது ஒரே அலை அல்ல. நேராக வந்தது, தரையில் பட்டு வந்தது, பீரோவில் பட்டு வந்தது, எதிர்ச் சுவரில் பட்டு வந்தது எனப் பல. ஒவ்வொன்றும் வெவ்வேறு தூரம் நடந்து, சற்றே முன்பின்னாக வருகிறது. ஒன்றின் முகடும் இன்னொன்றின் பள்ளமும் ஒரே புள்ளியில் சந்தித்தால் இரண்டும் அடிபட்டு அங்கே சிக்னல் இல்லாமல் போகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அதனால்தான் கட்டிலில் ஒரு சாண் நகர்ந்து படுத்தால் படம் ஓடத் தொடங்குகிறது.

இந்த எதிரொலி கம்பியில்லா இணையத்தின் பெரும் பகையாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வகத்தில் வானொலி வானியலாளர் ஜான் ஓ'சல்லிவனின் குழு, தரவைப் பல மெல்லிய ஓடைகளாகப் பிரித்து அனுப்பி எதிரொலியின் கெடுதலைத் தணிக்கும் முறையைக் கண்டது. 1996இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அது எதிரொலியைச் சமாளித்தது. எதிரொலியையே பயனுள்ளதாக்கியவர் ஒரு தமிழர்.

ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளியில் படித்து, பதின்வயதிலேயே கடற்படையில் சேர்ந்தார். 1971 டிசம்பர் 9 அன்று பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்று ஐ.என்.எஸ். குக்ரி கப்பலை மூழ்கடித்தது. நீருக்கடியில் ஒலியனுப்பி எதிரியை அறியும் சோனார் கருவியை மேம்படுத்தும் அவசரம் அதன் பிறகு கடற்படைக்கு வந்தது. அந்த வேலை பால்ராஜிடம் வந்தது. பின்னர் கொச்சியில் அவர் தலைமையில் ‘அப்சோ’ என்ற சோனார் உருவாகி, 1980களில் நம் போர்க்கப்பல்களில் ஏறியது. கடலுக்குள் ஒலி மேற்பரப்பிலும் அடித்தரையிலும் பட்டுப் பட்டு வருகிறது. பல கேட்பான்களை வரிசையாக வைத்து அந்தக் கலவையைப் பிரித்தெடுக்கும் கணிதம் அவருக்குப் பல்லாண்டுப் பழக்கம்.

கடற்படையிலிருந்து விலகி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனவர், 1992இல் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1994இல் கிடைத்தது. கருத்து இது. அனுப்பும் பக்கம் இரண்டு ஆன்டெனா, வாங்கும் பக்கம் இரண்டு ஆன்டெனா. அனுப்பும் இரண்டும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன. வெட்டவெளியானால் இரண்டும் ஒன்றாகக் கலந்து பிரிக்க முடியாமல் போகும். சுவர்கள் நிறைந்த அறையிலோ ஒவ்வொரு செய்தியும் தனக்கென்று ஒரு எதிரொலிக் கோலத்தோடு வந்து சேர்கிறது. வாங்கும் இரண்டு ஆன்டெனாக்களும் இரண்டு வேறு கலவைகளைக் கேட்கின்றன. இரண்டு தெரியாத எண்கள், இரண்டு சமன்பாடுகள். பள்ளியில் தீர்த்த கணக்குதான். அலைவரிசையைக் கூட்டாமலே இரட்டை வேகம். இந்த முறைக்கு மைமோ என்று பெயர். தொடக்கத்தில் பலர் நம்பவில்லை. 2009இல் வந்த 802.11என் தரநிலை அதை வைஃபைக்குள் கொண்டுவந்தது. 2010இல் பத்மபூஷண், 2014இல் மார்க்கோனி பரிசு என்று பால்ராஜுக்கு மரியாதைகள் வந்தன. இன்று புதுச்சேரியின் எந்த வீட்டு ரூட்டரிலும் இரண்டோ நான்கோ குச்சி நிமிர்ந்து நின்றால் அதில் பொள்ளாச்சிக்காரர் ஒருவரின் பங்கு இருக்கிறது. நம் பாடநூல்கள் இதைச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

அந்தக் குச்சியை எப்படி நிறுத்துவது என்பதிலும் ஒரு செய்தி உண்டு. செங்குத்தாக நிற்கும் ஆன்டெனாவிலிருந்து அலை மெதுவடை வடிவில் பரவுகிறது. குச்சி அந்த வடையின் ஓட்டைக்குள் நிற்கிறது. பக்கவாட்டில் எல்லாத் திசையிலும் வலு, நேர் மேலேயும் கீழேயும் மிகக் குறைவு. ஒரே தளத்து அறைகளுக்குக் குச்சியை நிமிர்த்தி வைக்க வேண்டும். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்கவைக்கலாம்.

இடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். இணைப்பு கொடுக்க வரும் பையன் வாசற்கதவுக்கு மேலே, கேபிள் நுழையும் மூலையிலேயே பெட்டியை மாட்டிவிட்டு, “சார், ஒயர் இவ்ளோதான் வரும்” என்று சொல்லிப் போய்விடுவான். அவன் மேல் குற்றமில்லை. அடுத்த வீட்டில் அவனுக்கு வேலை காத்திருக்கிறது. ஆனால் அப்படி மாட்டிய பெட்டியின் அலையில் பாதி மாடிப்படிக்கும் லிஃப்டுக்கும் போகிறது. வீட்டின் நடுப்பகுதியில், தலைக்கு மேல் உயரத்தில், கதவுகள் கண்ணில் படும் இடத்தில் ரூட்டர் இருக்க வேண்டும். திறந்த கதவு பெரிய உதவி. அலை நிலைப்படி விளிம்பில் வளைந்து உள்ளே வரும். மரக்கதவு மூடியிருந்தாலும் சுவர் அளவுக்குத் தடுக்காது.

இந்த வகையில் வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழ் வீடுகள் பாக்கியம் செய்தவை. திண்ணை, தாழ்வாரம், முற்றம், சுற்றிலும் அறைகள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது பெற்ற வைசியாள் வீதியில் இந்த அமைப்பை இன்றும் பார்க்கலாம். சுவர் தடிமன்தான், ஆனால் முற்றம் திறந்தவெளி. முற்றத்தைப் பார்க்கும் தாழ்வாரத்தில், மழைச்சாரல் படாத உயரத்தில் ரூட்டரை வைத்தால், அலை முற்றத்தின் காற்றுவழியாகச் சுற்றியுள்ள எல்லாக் கதவுகளுக்கும் போகிறது. தெருப்பக்கத்து அறையில் வைத்தால் ஒவ்வொரு சுவராகத் துளைத்தாக வேண்டும். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நம் முன்னோர் விட்ட இடம் ரேடியோ அலைக்கும் அப்படியே பொருந்துகிறது. ஒளியும் ரேடியோவும் மின்காந்த அலைகளே, சுவர் இரண்டுக்கும் தடை. ஒளி ஒரு சுவரையும் தாண்டாது, ரேடியோ ஒன்றிரண்டைத் தாண்டும். அவ்வளவே வேறுபாடு.

இடம் மாற்றியும் போதவில்லை என்றால்? அதிகத் திறனில் அனுப்பும் விலையுயர்ந்த ரூட்டரை வாங்கப் பலர் ஓடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். வைஃபை இருவழிப் பேச்சு. ரூட்டர் அனுப்பும் ஒவ்வொரு துண்டுக்கும் கைப்பேசி ‘வந்தது’ என்று பதில் சொல்ல வேண்டும். கைப்பேசியின் பேட்டரி சிறிது. அதன் குரல் ரூட்டரைவிட மெல்லியது. ரூட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் கைப்பேசியின் பதில் அந்தப் பக்கம் கேட்காவிட்டால் பேச்சு நின்றுவிடும். திரையில் மூன்று கோடு தெரிந்தும் எதுவும் திறக்காமல் இருப்பது இதனாலும்தான்.

எக்ஸ்டெண்டர் என்று விற்கும் சிறிய பெட்டி மலிவானது. அதைச் சிக்னல் வராத அறையில் மாட்டுவது வீண். தனக்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் மாட்ட வேண்டும். அப்போதும் ஒரே சேனலில் ஒவ்வொரு துண்டும் இரண்டு முறை காற்றில் போவதால் வேகம் ஏறத்தாழ பாதியாகிறது. வீட்டில் பல இடங்களில் வைத்து ஒன்றாக இயங்கும் மெஷ் பெட்டிகள் இதை இன்னும் நேர்த்தியாகச் செய்கின்றன. ஆனால் அவற்றுக்கு இடையிலும் அதே சுவர்தான் நிற்கிறது.

என் தீர்ப்பு பழையபாணியானது: ஒரு லான் கேபிள். கேட் 6 கம்பி 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு ஜிகாபிட் கொண்டுபோகும். எத்தனை சுவர் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஹாலிலிருந்து அந்தக் கேபிளைப் படுக்கையறைப் பக்கம் இழுத்து, அதன் நுனியில் இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக வைத்தால் போதும். பரணில் கிடக்கும் பழைய ரூட்டரே பெரும்பாலும் இதற்குப் பயன்படும். இரண்டுக்கும் ஒரே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, சேனலை மட்டும் வேறாக வைத்தால் கைப்பேசி தானே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளும். சுண்ணாம்புச் சுவரைக் கொத்திக் கேபிள் பதிக்க வேண்டாம். அந்தப் பூச்சைப் பழையபடி பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்று சிலரே. விட்டத்தின் ஓரமாக, கதவு நிலையின் மேற்புறமாகக் கொண்டுபோனால் கண்ணுக்கும் தெரியாது.

புதுச்சேரியிலும் அதைச் சுற்றியும் நாள்தோறும் புதிய வீடுகள் எழுகின்றன. மின்கம்பிக்கு என்று சுவரில் குழாய் பதிக்கும் அதே நாளில், வாசலில் கேபிள் நுழையும் இடத்திலிருந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு முக்கால் அங்குல வெற்றுக் குழாயையும் சேர்த்துப் பதித்துவிட்டால், மொத்தச் செலவில் அது கண்ணுக்கே தெரியாது. பூச்சு முடிந்த பிறகு அதே வேலைக்குச் சுவரை உடைக்க வேண்டும். வீடு கட்டுபவரோ, கட்டிக்கொண்டிருக்கும் அடுக்ககத்தில் வீட்டுக்கு முன்பணம் கொடுத்தவரோ இதைப் படித்தால், பூச்சு வேலை தொடங்கும் முன் மேஸ்திரியிடம் அந்தக் குழாயைக் கேட்டு வாங்குங்கள்.